‘ஃபியூ’வுக்கு முன்னால் ஓர் ‘எ’

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலையில் பாதி, பையருக்கு, அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில் எழுதுவதுதான். துணி எப்போது வரும், சாயம் சரியாக வந்ததா, தையல் எந்த அளவில் இருக்கிறது, பெட்டி எந்தத் தேதியில் தூத்துக்குடிக்குக் கிளம்பும் என்று நாள் முழுக்க மெயில் போகும். எல்லாம் இங்கிலீஷில். நான் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ‘ஃபியூ’ (few) என்ற ஒரு சின்ன வார்த்தையை நான் எழுதிய விதத்தால் கம்பெனிக்குப் பெரிய தொகை நஷ்டமானது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இன்றைக்கும் அதே வாக்கியத்தை எழுதுகிறார்கள். நமக்குள் பேசிக்கொள்ளும்போது அது தப்பாகவே தெரியாது என்பதால் யாரும் திருத்துவதும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்து பையர் ஒருவருக்கான ஆர்டர் அது. குழந்தைகளின் டீ-ஷர்ட், 6,240 பீஸ், நெஞ்சில் யானைப் படம் பிரிண்ட். பேக்கிங் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் செக்கிங் பகுதியிலிருந்து கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் அக்கா ஒரு சட்டையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, யானையின் காதுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தார். சாம்பல் நிறக் காதின் நடுவே தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கையை எடுத்ததும் கோடு மூடிக்கொண்டது.

“பாரு கண்ணு, சூடு பத்தல. க்யூரிங்ல வுட்டுட்டாங்க. நாலு தடவ தொவச்சா காது உரிஞ்சு வந்துரும்” என்றார். பிரிண்ட்டைச் சூட்டில் இறுக வைப்பதுதான் க்யூரிங்.

எத்தனை பீஸில் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். “இந்த அஞ்சு ஆறு வயசு சைஸ்ல சிலது வருது” என்றார்.

அந்தச் ‘சிலது’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். கப்பலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஷிப்மெண்ட்கள் நன்றாகப் போயிருந்ததால் அந்த முறை பையர் தன் பக்கத்து இன்ஸ்பெக்டரை அனுப்பவில்லை. எங்கள் ரிப்போர்ட்டையே நம்பியிருந்தார்கள். மறைக்கக் கூடாது, கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும் என்று மெயில் எழுதினேன்: ‘வீ ஃபவுண்ட் ஃபியூ பீசஸ் வித் பிரிண்ட் கிராக். ப்ளீஸ் அட்வைஸ்.’ என் மனதில் இருந்தது, ‘சில பீஸ்களில் பிரிண்ட் விரிசல் இருக்கிறது, என்ன செய்யலாம்?’ என்பது.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘குட் டு ஹியர். ப்ளீஸ் ப்ரொசீட்.’

நல்ல செய்தி, அனுப்புங்கள். விரிசல் என்று சொல்லியிருக்கிறேன், இதில் நல்ல செய்தி என்ன இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில் நான் நின்றிருக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் மரியாதைக்கு அப்படி எழுதுவார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பெட்டிகளை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஏழு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. அவர்கள் குடோனில் பிரித்து எண்ணியதில் 412 பீஸில் விரிசல். மொத்த இன்வாய்ஸிலும் தள்ளுபடி கேட்டார்கள். எங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, “நீ அவங்ககிட்ட சொல்லலியாம்மா?” என்றார். “சொன்னேன் சார்” என்று மெயிலை பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அவரும் படித்தார். அவருக்கும் நான் சொன்ன மாதிரிதான் தெரிந்தது. அந்த மெயிலைக் காட்டியே பையருடன் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

போனில் பேசிய அம்மா ரொம்பப் பொறுமையாகப் பேசினார். ‘நீங்கள் எழுதியதை நானும் வைத்திருக்கிறேன். சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?’ என்றார். எனக்குக் காது அடைத்துப்போனது. நான் ‘இருக்கிறது’ என்று எழுதியதை அவர் ‘இல்லை’ என்று படித்திருக்கிறார். அவர் படித்ததுதான் சரி. ‘ஃபியூ’வுக்கு முன்னால் ‘எ’ (a) என்று ஒரே ஓர் எழுத்து நான் போட்டிருந்தால், அன்றைக்கே ‘எத்தனை பீஸ், படம் அனுப்புங்கள்’ என்று கேட்டிருப்பார்.

அன்றிரவு பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எல்லாம் நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன் படித்தவர்கள் யாரும் இந்த வாக்கியத்தை மறந்திருக்க மாட்டார்கள்: ‘வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை.’ அதை மாற்றினால் ‘சென்னை இஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ்’ என்று வரும். ‘ஒன் ஆஃப் தி’ என்று பார்த்ததும் ‘வெரி ஃபியூ’ போட வேண்டும், அவ்வளவுதான் எனக்குச் சொல்லித் தந்தது. இரண்டு மார்க் வந்தது. ஆனால் அந்த வாக்கியம் சொல்வது என்ன? சென்னை அளவுக்குப் பெரிய நகரங்கள் இந்தியாவில் சிலதான் இருக்கின்றன. அந்தத் ‘தான்’ எங்கிருந்து வந்தது? ‘வெரி’யிலிருந்து இல்லை. ‘ஃபியூ’வுக்குள்ளேயே ‘தான்’ இருக்கிறது. பரீட்சைக்காக அந்த வாக்கியத்தை அத்தனை தடவை எழுதியும் எனக்கு அது தெரியாமலே போயிற்று.

நம் தமிழில் ‘சில’ என்பது எந்தப் பக்கமும் சாயாத சொல். ‘சில பேர் வந்தாங்க’ என்றால் வந்தார்கள், அவ்வளவுதான். ‘சில பேர்தான் வந்தாங்க’ என்றால் வராதவர்களைப் பற்றிய பேச்சாகிவிடும். ‘சில பேராவது வந்தாங்களே’ என்றால் வந்தவர்களைப் பற்றிய ஆறுதல். சாய்வையெல்லாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் ‘தான்’, ‘ஆவது’ பார்த்துக்கொள்ளும். இங்கிலீஷ்காரர்கள் அதையே சொல்லுக்கு முன்னால் செய்கிறார்கள். வெறும் ‘ஃபியூ’ என்றால் இல்லாத பக்கம் பார்த்துப் பேசுகிறார்கள், ‘எ ஃபியூ’ என்றால் இருக்கிற பக்கம். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். தமிழில் ‘எ’, ‘தி’ என்ற பழக்கமே கிடையாது என்பதால் நம் கை அதைத் தானாக விட்டுவிடுகிறது. ‘இன் ஃபியூ டேஸ்’ என்று நம் ஊரில் எல்லோரும் எழுதுகிறோம். படிப்பவரும் நம் ஊர்க்காரர் என்றால் விட்டுப்போன எழுத்தை மனதிலேயே போட்டுக்கொள்வார். வெளியூர்க்காரர் எழுதியிருப்பதை அப்படியே படிப்பார்.

எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அண்ணனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். “இது பைபிள்லயே இருக்குதுங்க அம்மிணி” என்று, ‘அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர்’ என்ற வசனத்தைச் சொன்னார். மத்தேயு 22:14. இங்கிலீஷில் அது ‘மெனி ஆர் கால்டு, பட் ஃபியூ ஆர் சோசன்’. ‘அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்’ என்பதும் அப்படித்தான், அங்கேயும் ‘ஃபியூ’. இரண்டு இடத்திலும் தமிழாக்கியவர்கள் ‘சிலர்’, ‘கொஞ்சம்’ என்று மட்டும் போட்டுவிட்டு நகரவில்லை. முந்தைய சொல்லில் ஓர் ஓகாரம் சேர்த்திருக்கிறார்கள். ‘வேலையாட்கள் கொஞ்சம்’ என்று மட்டும் இருந்தால் வாக்கியம் தட்டையாகக் கிடக்கும். அந்த ‘ஓ’தான் போதாத பக்கத்துக்கு நம்மைத் திருப்புகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குக் குழப்பம் பாதி தீர்ந்துவிட்டது.

‘எ ஃபியூ’வுக்கு நம் வீட்டிலேயே நல்ல தமிழ் இருக்கிறது. ‘ரெண்டு கறிவேப்பிலை கிள்ளிப் போடு’ என்று அம்மா சொன்னால் யாரும் எண்ணி இரண்டு இலை போடுவதில்லை. ‘நாலு வார்த்தை பேசிட்டு வா’, ‘நாலு இடம் போனாத்தானே தெரியும்’ என்பவை எல்லாம் ‘எ ஃபியூ’தான். அதே அம்மா டப்பாவைத் திறந்து ‘ரெண்டு கறிவேப்பிலைதான் இருக்கு’ என்றால் அது ‘ஃபியூ’, கடைக்கு ஓட வேண்டும். நான் இப்போது மெயிலில் ‘ஃபியூ’ என்று வந்தால், அனுப்பும் முன் மனதுக்குள் ஒரு ‘தான்’ சேர்த்துப் படித்துப் பார்க்கிறேன். ‘சில பீஸில்தான் விரிசல் இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று சொல்ல வந்தேனா? இல்லையென்றால் ‘எ’ போட வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ‘ஃபியூ என்பது நெகட்டிவ், எ ஃபியூ என்பது பாசிட்டிவ்’ என்று இலக்கணப் புத்தகங்களில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, கெட்ட செய்திக்கு ‘ஃபியூ’, நல்ல செய்திக்கு ‘எ ஃபியூ’ என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விரிசல் கெட்ட செய்தி, அதனால் ‘ஃபியூ’ பொருத்தம் என்றுகூடத் தோன்றியிருக்கும். இங்கே நெகட்டிவ் என்றால் ‘இல்லை’ என்ற பக்கம், கெட்டது என்று பொருள் இல்லை. ‘ஃபியூ மிஸ்டேக்ஸ்’ என்று வாத்தியார் நோட்டில் எழுதினால் அது பாராட்டு. ‘எ ஃபியூ மிஸ்டேக்ஸ்’ என்றால் திருத்த வேலை இருக்கிறது. ‘ஃபியூ டெய்லர்ஸ்’ என்றால் ஆள் பற்றாக்குறை. ‘எ ஃபியூ டெய்லர்ஸ்’ என்றால் லைனை ஓட்ட ஆள் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

‘ஃபியூ’ உண்மையிலேயே ‘இல்லை’ பக்கம் நிற்கிறது என்பதற்கு இங்கிலீஷிலேயே அத்தாட்சி இருக்கிறது. ‘ஹி நெவர் கம்ஸ், டஸ் ஹி?’ என்று இல்லை என்னும் வாக்கியத்துக்கு ஆமாம் என்னும் வால் கேள்வி வரும் அல்லவா? ‘ஃபியூ பீப்பிள் நோ திஸ்’ என்பதற்கும் ‘டூ தே?’ என்றுதான் வால் வரும். ‘எ ஃபியூ பீப்பிள் நோ திஸ்’ என்றால் ‘டோன்ட் தே?’. ‘இல்லை’ என்று வெளியே எழுதாத இல்லை அது. மற்றவர்களுக்குச் சொல்லித் தரும்போது இந்த ஒரு உதாரணம்தான் சட்டென்று பிடிபடுகிறது.

அளக்கிற பொருள்களுக்கு இதே கதை ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்று வரும். எங்கள் தொழிலில் அது இன்னும் ஆபத்து. துணியைத் துவைத்து, காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்போம். ‘லிட்டில் ஷ்ரிங்கேஜ்’ என்றால் சுருக்கமே இல்லாத மாதிரி, நிம்மதியாக கட்டிங்குக்குப் போகலாம். ‘எ லிட்டில் ஷ்ரிங்கேஜ்’ என்றால் சுருங்குகிறது, பேட்டர்னில் அதற்கு இடம் விட வேண்டும். ‘வீ ஹேவ் லிட்டில் டைம்’ என்று எழுதினால் நேரம் இல்லை என்று பொருள். கூட வேலை பார்த்த ஒரு தம்பி, இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, அவசரமில்லை என்று சொல்ல நினைத்து இப்படி எழுதிவிட்டார். பையர் பதறிப்போய் சாம்பிளை விமானத்தில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

‘குவைட் எ ஃபியூ’ என்பது தனிப் பாடம். அளவு சரிபார்க்க அனுப்பிய ஒரு ஃபிட் சாம்பிளுக்கு, ‘குவைட் எ ஃபியூ கமெண்ட்ஸ் ஆன் திஸ் ஒன்’ என்று பதில் வந்தது. ‘குவைட்’ என்றால் ஓரளவு, ‘எ ஃபியூ’ என்றால் சில. ஓரளவு சில. அப்படியானால் இன்னும் கம்மிதானே என்று கணக்குப் போட்டு, பேட்டர்ன் மாஸ்டரிடம், “சின்னச் சின்னதா ரெண்டு மூணு இருக்கும் அண்ணா, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்” என்றேன். இணைப்பைத் திறந்தால் தோள், கழுத்து, கைக்குழி, அடி மடிப்பு என்று பதினான்கு திருத்தம். ‘குவைட் எ ஃபியூ’ என்றால் நிறைய என்று பொருள். ‘நாட் எ ஃபியூ’ என்பதும் அப்படித்தான். இரண்டும் அடக்கமாகச் சொல்கிற நிறைய. இதற்கு எதிராக, ‘ஒன்லி எ ஃபியூ’ என்று ஒன்று இருக்கிறது. ‘எ’ இருந்தாலும் ‘ஒன்லி’ வந்து நம் ‘தான்’ வேலையைச் செய்து, மறுபடி ‘சிலதான்’ ஆக்கிவிடும். இவற்றை எல்லாம் துண்டு துண்டாகப் பொருள் பிரித்தால் வராது. முழுச் சொல்லாகவே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு சங்கதி. ‘தி லாஸ்ட் ஃபியூ டேஸ்’, ‘எவ்ரி ஃபியூ வீக்ஸ்’ என்று வரும்போது ‘எ’ கிடையாது, ஆனால் பற்றாக்குறையும் கிடையாது. கடந்த சில நாட்கள், சில வாரத்துக்கு ஒருமுறை என்றுதான் பொருள். அங்கே ‘எ’வைத் திணிக்க வேண்டாம்.

சரி, ‘எ ஃபியூ’ என்றால் எத்தனை? மூன்றா, ஐந்தா? எனக்கு இந்தக் கேள்வி ரொம்ப நாள் இருந்தது. 1940 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சர்ச்சில், இத்தனை பேர் இத்தனை சிலருக்கு இவ்வளவு கடன்பட்டது போர்களின் வரலாற்றிலேயே இல்லை என்ற பொருளில் விமானப் படையினரைப் பற்றிப் பேசினார். ‘சோ ஃபியூ’ என்பது அவர் சொன்ன சொல். அன்றிலிருந்து அந்த விமானிகளுக்கு ‘தி ஃபியூ’ என்றே பெயர். அவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். ஒரு நாட்டையே காப்பாற்றியவர்கள் என்று பார்க்கும்போது 3,000 பேரும் சிலர்தான். ஆக, இந்தச் சொல்லுக்குள் எண் எதுவும் இல்லை. எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டுப் பேசுகிற சொல் அது. செக்கிங் அக்காவின் கண்ணில் 6,240-ல் 412 ‘சிலது’தான், அதிலும் தப்பில்லை.

அதனால்தான் இப்போது குறைபாடு பற்றி எழுதும்போது ‘ஃபியூ’வும் போடுவதில்லை, ‘எ ஃபியூ’வும் போடுவதில்லை. எண் போடுகிறேன். எங்கள் தொழிலில் ஏ.க்யூ.எல். என்று ஒரு முறை உண்டு. மொத்தச் சரக்கிலிருந்து கொஞ்சம் பீஸ் மட்டும் எடுத்துப் பார்த்து, முழு லாட்டும் பாஸா ஃபெயிலா என்று முடிவு செய்வது. 3,201-லிருந்து 10,000 பீஸ் வரையிலான லாட் என்றால், வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைபாடுகளுக்கு 2.5 அளவு வைத்தால், 10 பீஸ் வரை கெட்டிருந்தால் பாஸ், 11 வந்தால் ஃபெயில். 412-ஐ 6,240-ஆல் வகுத்துப் பாருங்கள், நூற்றுக்கு 6.6 வரும். 200 பீஸில் சராசரியாக 13. அன்றைக்கு நானே 200 பீஸ் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் அநேகமாக ஃபெயில் ஆகியிருக்கும். அந்த ஒரு சைஸை மட்டும் நிறுத்தி வைத்து, மீதியைக் கப்பலில் ஏற்றியிருக்கலாம். ‘சிலது வருது’ என்று கேட்டதும் ‘எத்தனைங்க அக்கா?’ என்று இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. இங்கிலீஷ் தப்பைவிட அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போனில் பேசும்போது வேறு தொல்லை. அந்த ‘எ’ காதில் சரியாக விழாது. அரை மாத்திரைகூட இருக்காது, ‘அ’ என்று மூச்சோடு போய்விடும். ‘தேர் ஆர் அ ஃபியூ இஷ்யூஸ்’ என்றாரா, ‘ஃபியூ இஷ்யூஸ்’ என்றாரா என்று சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் ‘ஹவ் மெனி?’ என்று திருப்பிக் கேட்டுவிடுவேன். இத்தனை வருடத்தில் அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

‘ஃபியூவர்’, ‘லெஸ்’ பற்றியும் புதியவர்கள் கேட்பார்கள். எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூவர்’, அளப்பதற்கு ‘லெஸ்’ என்பது விதி. 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் அப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எழுதியதிலிருந்து மெல்ல மெல்ல விதியாக இறுகியது என்கிறார்கள். இங்கிலாந்தில் டெஸ்கோ கடைகளில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற போர்டைப் பற்றிப் புகார் வந்து, 2008-ல் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றினார்கள். ‘லெஸ் பீசஸ்’ என்று எழுதினால் இலக்கணம் பார்ப்பவர் முகம் சுளிப்பார், ஆனால் பொருள் மாறாது, சரக்கும் நிற்காது. முடிந்தால் சரியாக எழுதுங்கள். கவனத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், அந்த ஒற்றை ‘எ’ மேல் செலவழியுங்கள் என்பேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். ‘ஃபியூ பீசஸ் ஹேவ் ஆயில் ஸ்டெயின்’ என்று இருந்தது. இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் ‘எ’ சேர்க்கப் போனாள். “இரு, மொதல்ல கீழ போயி எண்ணிட்டு வா” என்றேன். அரை மணி நேரம் கழித்து, கையில் வெள்ளைச் சட்டை ஒன்றோடு படியேறி வந்தாள். அக்குளுக்குக் கீழே, தையல் ஓரத்தில் மிளகு அளவுக்கு எண்ணெய்க் கறை. “இருபத்தி மூணு அக்கா. எல்லாமே ஒரே ஓவர்லாக் மெஷின்ல தச்சது. மெக்கானிக் அண்ணாவக் கூப்பிட்டுக் காட்டிட்டேன்” என்றாள். மெயிலில் ‘ஃபியூ’வை அழித்துவிட்டு 23 என்று போட்டு அனுப்பினாள்.